எக்ஸ்ரேயைப் படித்தது ஏஐ என்றால் பொறுப்பு யாருடையது?

கேள்வி: மேடம், என் அம்மாவுக்கு 58 வயது. சென்ற ஆண்டு பிப்ரவரியில் எங்கள் ஊர் தனியார் மருத்துவமனை ஒன்றில் மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்தோம். இரண்டு மாதமாக இருமல் இருப்பதை அம்மா அங்கே சொன்னார். மார்பு எக்ஸ்ரே ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் வந்தது. அலர்ஜி இருமல் என்று சொல்லி சிரப் எழுதிக் கொடுத்தார்கள். செப்டம்பரில் மூச்சுத்திணறல் அதிகமாகி வேறு மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். வலது நுரையீரலில் கட்டி, மூன்றாம் நிலைப் புற்றுநோய் என்றார்கள். அங்குள்ள டாக்டர் பழைய எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, “இதிலேயே ஒரு நிழல் தெரிகிறதே” என்றார். முதல் மருத்துவமனையில் போய்க் கேட்டால், “எக்ஸ்ரேயைப் படித்தது ஏஐ சாஃப்ட்வேர். அது எதையும் காட்டவில்லை. கம்பெனியைக் கேளுங்கள்” என்கிறார்கள். கம்பெனிக்கு மெயில் போட்டால், “எங்கள் மென்பொருள் டாக்டருக்கு உதவி மட்டுமே, முடிவு டாக்டருடையது” என்று பதில் வருகிறது. ரிப்போர்ட்டின் அடியில் ஒரு டாக்டர் பெயர் அச்சாகியிருக்கிறது, கையெழுத்து இல்லை. பதிவு செய்யும்போது நீட்டிய படிவத்தில் அம்மா படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார். அண்ணன் போலீசில் புகார் கொடுக்கலாம் என்கிறார். நாங்கள் யார் மீது வழக்குப் போடுவது? எந்திரம் செய்த தவறுக்கு மனிதர்களைப் பொறுப்பாக்க முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: முடியும். உங்கள் வழக்கில் முதல் எதிர்தரப்பு மருத்துவமனை. இரண்டாவது, ரிப்போர்ட்டில் பெயர் அச்சாகியிருக்கும் டாக்டர். மூன்றாவது, மென்பொருள் கம்பெனி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். மருத்துவமனை சொன்னதைக் கேட்டுக் கம்பெனியை மட்டும் துரத்திக்கொண்டு போனால், வழக்கின் கடினமான முனையிலிருந்து தொடங்குவீர்கள். அதற்குள் காலவரம்பும் ஓடிவிடும்.

உங்கள் அம்மா பணம் கொடுத்தது மருத்துவமனைக்கு. உடம்பைப் பரிசோதித்து ரிப்போர்ட் தருகிறோம் என்று ஒப்புக்கொண்டதும் மருத்துவமனை. பணம் பெற்றுக்கொண்டு தரும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்ட சேவை என்று 1995-ல் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் அந்த நிலை மாறவில்லை. அந்தச் சேவையைத் தர மருத்துவமனை டாக்டரை வைத்துக்கொள்கிறதா, டெக்னீஷியனை வைத்துக்கொள்கிறதா, மென்பொருளை வைத்துக்கொள்கிறதா என்பது அதன் உள்விவகாரம். நோயாளிக்கு எதிராக அதை ஒரு தடுப்பாக நிறுத்த முடியாது. சவிதா கார்க் வழக்கில் (2004) உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. மருத்துவமனைக்குள் யார் என்ன செய்தார்கள் என்பது நோயாளியின் குடும்பத்துக்குத் தெரிய வாய்ப்பில்லை. அதனால், தவறு நடக்கவில்லை என்று காட்டும் சுமை மருத்துவமனையைச் சேர்ந்தது என்றது. ஏஐ வந்த பிறகு இந்தத் தீர்ப்பின் மதிப்பு கூடியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன். உள்ளே நடந்தது முன்பைவிட இன்னும் தொலைவில் இருக்கிறது.

எந்திரத்தின் மீதே வழக்குப் போட முடியாது. சட்டத்தின் கண்ணில் அது ஆள் இல்லை. கனடாவில் ஒரு விமான நிறுவனத்தின் சாட்பாட் பயணி ஒருவருக்குத் தவறான தகவல் தந்தது. சாட்பாட்டின் செயலுக்கு அதுவே பொறுப்பு என்று நிறுவனம் வாதாடியது. பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஏற்க மறுத்து நிறுவனத்தையே பணம் கட்டச் சொன்னது. மருத்துவ வழக்கு இல்லை, நம் நுகர்வோர் ஆணையங்களைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பும் இல்லை. ஆனாலும் “எங்களைக் கேட்காதீர்கள், சாஃப்ட்வேரைக் கேளுங்கள்” என்று உங்களிடம் சொன்ன அதே வாதம்தான் அங்கே தோற்றது.

அடுத்து, கையெழுத்தில்லாத அந்தப் பெயர். இதை இரண்டு விதமாகப் பார்க்கலாம். அந்த ரேடியாலஜிஸ்ட் (எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் படிக்கும் மருத்துவர்) படத்தை உண்மையிலேயே திறந்து பார்த்து ‘நார்மல்’ என்று விட்டிருந்தால், இது வழக்கமான மருத்துவக் கவனக்குறைவு வழக்கு. ஏஐ அதில் வெறும் பின்னணி. அவர் பார்க்கவே இல்லை, மென்பொருளின் விடை நேராக அவர் பெயரோடு அச்சாகி வந்தது என்றால் நிலைமை மருத்துவமனைக்கு மிக மோசம். டாக்டர் பார்த்தார் என்று நம்பவைத்துப் பணம் வாங்கியிருக்கிறார்கள். நுகர்வோர் சட்டத்தில் சேவைக் குறைபாடு என்பதற்கான விளக்கத்திலேயே, தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அடங்கும். நோயியல் பரிசோதனைக் கூடங்களின் ரிப்போர்ட்டில் தகுதி பெற்ற மருத்துவரே கையெழுத்திட வேண்டும் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை இங்கே ஒப்புமையாக எடுத்து வாதிடலாம். 2020 மார்ச் 25 அன்று வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதலும் இதே திசையில்தான் இருக்கிறது. ஏஐ நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது, பதிவு பெற்ற மருத்துவருக்கு உதவலாம், அவ்வளவுதான் என்கிறது அது. தொலைமருத்துவத்துக்காக எழுதப்பட்டது என்றாலும் அரசின் எண்ணத்தைக் காட்ட அது போதும்.

மருத்துவமனை வக்கீல் என்ன சொல்வார் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். ஜேக்கப் மேத்யூ வழக்கில் (2005) உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த அளவுகோலை எடுப்பார்: அதே துறையில் பொறுப்புள்ள மருத்துவர்கள் ஏற்கும் நடைமுறையைப் பின்பற்றியிருந்தால், முடிவு தவறாகப் போனதற்காக மட்டும் கவனக்குறைவு ஆகாது. அதைச் சொல்லிவிட்டு, “எக்ஸ்ரே படிக்க ஏஐயை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்திருக்கிறது” என்பார். பரிந்துரைத்தது உண்மை. ஆனால் 2021-ல் வந்த அந்தப் பரிந்துரை 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் காசநோயைச் சல்லடை போட்டுத் தேடுவதற்கானது. ரேடியாலஜிஸ்ட் கிடைக்காத ஊர்களில், கையடக்க எக்ஸ்ரே கருவியோடு போகும் பணியாளர்களுக்கு இந்த மென்பொருள் பெரிய துணை. நம் நாட்டின் காசநோய் ஒழிப்புத் திட்டத்திலும் அது பயன்படுகிறது. அதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. உங்கள் அம்மா போனது காசநோய் முகாமுக்கு இல்லை. மார்பில் என்ன கோளாறு இருந்தாலும் சொல்லுங்கள் என்று பணம் கட்டிப் போனார்.

உங்கள் வழக்கின் மையம் இங்கேதான் இருக்கக்கூடும். எந்த மருத்துவ மென்பொருளுக்கும் ‘இது எதற்காக’ என்று எழுத்தில் ஒரு வரையறை உண்டு. எந்த நோயைத் தேட, எந்த வயதினருக்கு, எந்த வகைப் படத்தில், டாக்டர் மேற்பார்வையோடா, அது இல்லாமலா என்பதெல்லாம் அதில் இருக்கும். 2020 ஏப்ரல் 1 முதல் நோயறிதலுக்கான மென்பொருளும் மருத்துவக் கருவிகளுக்கான சட்ட வரம்புக்குள் வந்துவிட்டது. அபாய அளவுக்கு ஏற்ப ஏ முதல் டி வரை நான்கு வகைகளாகப் பிரித்து, 2022 அக்டோபரிலிருந்தும் 2023 அக்டோபரிலிருந்தும் இரண்டு கட்டமாக உரிமம் கட்டாயமாக்கப்பட்டது. ஆகவே இந்த மென்பொருளுக்கு உரிமம் இருக்கிறதா, எந்த வகையில், எந்தப் பயன்பாட்டுக்கு என்று நீங்கள் கேட்டே ஆக வேண்டும். காசநோய்க்கு மட்டும் உரிமம் பெற்றதை வைத்து மருத்துவமனை பொதுவாக ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் அடித்திருந்தால், மென்பொருள் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கலாம். ‘காசநோய் இல்லை’ என்ற விடையை ‘எதுவுமே இல்லை’ என்று மாற்றியது மருத்துவமனை. அப்போது கம்பெனி கிட்டத்தட்ட தப்பித்துக்கொள்ளும், மருத்துவமனை தப்ப முடியாது. நுரையீரல் கட்டிகளையும் கண்டுபிடிக்கும் என்று சொல்லி விற்கப்பட்ட மென்பொருள் என்றால் கம்பெனியும் பதில் சொல்ல வேண்டும்.

கம்பெனியைப் பிடிக்க வழி, 2019 சட்டத்தின் ஆறாவது அத்தியாயத்தில் இருக்கும் பொருள் பொறுப்பு. வடிவமைப்பில் குறை, எழுத்தில் தந்த உத்தரவாதத்துக்கு மாறாக நடந்துகொள்வது, ஆபத்தைத் தவிர்க்கும் அளவுக்குப் பயன்பாட்டு விளக்கமோ எச்சரிக்கையோ தராதது – இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் உற்பத்தியாளர் பொறுப்பு என்கிறது 84-ம் பிரிவு. படிக்கும்போது எளிதாகத் தெரியும். நடைமுறையில் மூன்று முட்டுக்கட்டைகள் வரும்.

மென்பொருள் ஒரு ‘பொருளா’ என்பதே முதல் சண்டை. சட்டம் பொருளுக்குத் தரும் விளக்கம் வாயு, திரவ, திட நிலைகளைப் பற்றிப் பேசுகிறது. மென்பொருளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. டாடா கன்சல்டன்சி எதிர் ஆந்திர அரசு வழக்கில் (2004), கடையில் விற்கும் மென்பொருள் சரக்குதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது விற்பனை வரி வழக்கு. ஆனாலும் அதையும் மருத்துவக் கருவி அறிவிக்கையையும் சேர்த்து வைத்து வாதாட இடம் இருக்கிறது. ‘உங்கள் அம்மா எங்கள் வாடிக்கையாளர் இல்லை’ என்பது அவர்களின் அடுத்த வாதமாக இருக்கும். சேவையின் பயனைப் பெறுபவரும் நுகர்வோரே என்று சட்டம் சொல்வதை அதற்கு எதிராக எடுத்துவைப்போம். மூன்றாவதுதான் வலுவானது. நிபுணர் மேற்பார்வையில் மட்டுமே பயன்படுத்த வேண்டிய பொருளுக்கு, அந்த நிபுணரிடம் தேவையான எச்சரிக்கையைத் தந்திருந்தால், எச்சரிக்கை தரவில்லை என்று உற்பத்தியாளர் மீது பழி போட முடியாது என்று 87-ம் பிரிவு விலக்கு அளிக்கிறது. கம்பெனி உங்களுக்கு அனுப்பிய மெயிலை மறுபடி படியுங்கள். ‘டாக்டருக்கு உதவி மட்டுமே’ என்ற அந்த வரி இந்த விலக்கை மனதில் வைத்து எழுதியது போலவே இருக்கிறது. அந்த மெயிலை அழித்துவிடாதீர்கள். கம்பெனிக்குக் கேடயமாக இருக்கும் அதே வரி மருத்துவமனைக்கு எதிராக உங்களுக்குச் சான்று. டாக்டர் பார்க்காமல் ரிப்போர்ட் தரக்கூடாது என்று கம்பெனியே எழுத்தில் சொல்கிறது.

அதனால் மருத்துவமனையையும் கம்பெனியையும் ஒரே வழக்கில் சேர்த்துப் போடுங்கள் என்கிறேன். தனித்தனியாக விட்டால் ஒவ்வொருவரும் இல்லாதவர் மீது கையைக் காட்டுவார்கள். ஒரே மனுவில் எதிரெதிரே நிறுத்தினால் ஒருவரின் பதிலுரை மற்றவருக்கு எதிரான ஆவணமாகிவிடும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த புதிய பொருள் பொறுப்புச் சட்டநெறி, மென்பொருளும் பொருளே என்று நேராகச் சொல்லிவிட்டது. உறுப்பு நாடுகள் 2026 டிசம்பர் 9-க்குள் அதைத் தங்கள் சட்டமாக்க வேண்டும். தொழில்நுட்பச் சிக்கலால் குறையை நிரூபிப்பது பாதிக்கப்பட்டவருக்கு அளவுக்கு மீறிய கடினம் என்றால், குறை இருந்ததாகவே நீதிமன்றம் ஊகிக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. நம் சட்டத்திலும் அப்படி ஒரு பிரிவு வர வேண்டும். ஒரு திண்டுக்கல் குடும்பம் மென்பொருளின் உள்ளே போய்க் குறையைக் கண்டுபிடித்து நிரூபிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. அது வரும்வரை, ஆவணங்களைத் தாக்கல் செய்யச் சொல்லி உத்தரவிட நுகர்வோர் ஆணையத்துக்கு 38-ம் பிரிவு தரும் அதிகாரத்தை நாம் முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

இனி அவசரமான வேலை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பும் முன்பாக, இந்த வாரமே, பதிவுத் தபாலில் மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், உள்நோயாளிகளின் பதிவுகளை 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிமுறை. ரிப்போர்ட் நகலை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். எக்ஸ்ரேயின் மூல டைகாம் கோப்பு, அதாவது கருவியில் பதிவான அசல் டிஜிட்டல் படம், வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படமோ ஃபிலிமோ போதாது. மென்பொருள் தந்த விடை அப்படியே வேண்டும், படத்தின் மேல் அது வண்ணக்குறி போட்டிருந்தால் அதுவும் சேர்த்து. அன்று ஓடிய மென்பொருளின் பதிப்பு எண் வேண்டும். படம் எப்போது ஏற்றப்பட்டது, எந்தப் பயனர் கணக்கில் யார் திறந்தார், ரிப்போர்ட் எத்தனை மணிக்கு வெளியானது என்ற கணினிப் பதிவு வேண்டும். மென்பொருளைப் புதுப்பித்துவிட்டால் பழைய பதிப்பு அன்று என்ன சொன்னது என்று பிறகு காட்டுவது கடினம். அதனால் எதையும் அழிக்கவோ மாற்றவோ கூடாது என்று கடிதத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். இதே வரியைக் கம்பெனிக்கும் எழுதுங்கள். மின்னணு ஆவணங்களைத் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63-ம் பிரிவுச் சான்றிதழ் தேவைப்படும். அதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

மென்பொருளின் மூல விடையைக் கேட்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. ‘அது எதையும் காட்டவில்லை’ என்பது மருத்துவமனையின் வாய்ச்சொல். உங்கள் கையில் அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. மென்பொருள் சந்தேகத்தைக் காட்டி, வரிசையில் கிடந்த அந்த எச்சரிக்கையை யாரும் திறக்காமல் விட்டிருக்கவும் கூடும். அப்படியானால் வழக்கின் முகமே மாறிவிடும்.

கஷ்டமான பகுதியையும் மறைக்காமல் சொல்கிறேன். பிப்ரவரிப் படத்தில் நிழல் இருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. கவனமுள்ள ஒரு ரேடியாலஜிஸ்ட் அன்று அதைப் பிடித்திருப்பார் என்று காட்ட வேண்டும். இதயத்தின் பின்னாலும் காரை எலும்பின் அடியிலும் ஒளிந்துகொள்ளும் கட்டிகளை மார்பு எக்ஸ்ரேயில் நல்ல டாக்டர்களும் தவறவிடுவது உண்டு. புற்றுநோய் என்று தெரிந்த பிறகு பழைய படத்தைப் பார்ப்பவருக்கு எல்லாமே தெளிவாகத் தெரியும், எதிர்தரப்பு இதைச் சொல்லாமல் விடாது. ஆகவே இந்த வழக்கோடு தொடர்பில்லாத ஒரு ரேடியாலஜிஸ்டிடம், பெயரும் நோயும் சொல்லாமல், வேறு சில படங்களோடு கலந்து இந்தப் படத்தைக் கொடுத்து எழுத்தில் கருத்து வாங்குங்கள். அவரும் நிழலைக் குறித்தால் அது பலமான சான்று. அவர் கண்ணிலும் படவில்லை என்றால், வழக்கை எக்ஸ்ரேயின் மீது மட்டும் நிறுத்தாதீர்கள்.

வழக்கு நிற்க இன்னொரு கால் இருக்கிறது, அதை நீங்களே கடிதத்தில் சொல்லிவிட்டீர்கள். இரண்டு மாத இருமலை அம்மா சொன்னார். 58 வயதுக்காரரின் தீராத இருமலுக்கு சளிப் பரிசோதனையோ, சில வாரங்களில் மறுபடி வரச் சொல்வதோ இல்லாமல், ‘எக்ஸ்ரே நார்மல்’ என்ற ஒரே வரியை நம்பி சிரப் எழுதியிருக்கிறார்கள். கணினி ‘நார்மல்’ என்றதும் மனிதரின் சந்தேகம் அடங்கிவிடுவது இந்தக் கருவிகளால் வரும் பெரிய ஆபத்து என்று நான் கருதுகிறேன். அம்மா இருமலைச் சொன்னது புறநோயாளிச் சீட்டில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். சிரப் எழுதிய சீட்டே இருமல் இருந்ததற்குச் சாட்சி.

ஏழு மாதத் தாமதத்தால் என்ன கெட்டது என்பதையும் நிறுவ வேண்டும். இப்போது சிகிச்சை தரும் புற்றுநோய் மருத்துவரிடம், பிப்ரவரியிலேயே தெரிந்திருந்தால் நோய் எந்த நிலையில் இருந்திருக்கக்கூடும், அறுவைசிகிச்சை சாத்தியமாக இருந்திருக்குமா என்று பணிவாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்று கிஷன் ராவ் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மலேரியா இருந்தவருக்கு டைஃபாய்டு மருந்து கொடுத்த வெளிப்படையான தவறு அது. உங்களுடையது அந்த ரகம் இல்லை. நிபுணர் கருத்து இல்லாமல் போகாதீர்கள்.

படிவத்தில் அம்மா கையெழுத்துப் போட்டதைப் பற்றி மனதை வருத்திக்கொள்ள வேண்டாம். எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரியாமல் தரும் சம்மதம் சம்மதமே ஆகாது என்பது சமிரா கோலி வழக்கின் (2008) சாரம். அந்தப் படிவத்தில் ஏஐ பற்றி ஒரு வரி இருந்தாலும், கவனக்குறைவை மன்னிக்கும் சீட்டாக அது மாறாது. இதை அம்மாவிடமும் சொல்லுங்கள், அவர் தன்னையே குறை சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

அண்ணனிடம் போலீஸ் வேண்டாம் என்று சொல்லுங்கள். மருத்துவர் மீது குற்ற வழக்குக்கு மிகக் கொடிய அளவிலான கவனக்குறைவு வேண்டும், சுயேச்சையான மருத்துவக் கருத்தும் வேண்டும். அது கிடைக்காமல் போனால், அந்த முடிவையே நுகர்வோர் வழக்கில் உங்களுக்கு எதிராகத் தாக்கல் செய்வார்கள். பார்க்காமலே பெயர் போட்டிருப்பது உறுதியானால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் அந்த டாக்டர் மீது புகார் தரலாம்.

மனுவைத் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்தில் வழக்குத் தொடுக்கும் உரிமை 2019 சட்டம் தந்தது. எந்த ஆணையம் என்பதை நிர்ணயிப்பது நீங்கள் கேட்கும் இழப்பீடு இல்லை, கட்டிய பணம். செக்கப்புக்குச் சில ஆயிரங்கள்தான் கட்டியிருப்பீர்கள், அதனால் மாவட்ட ஆணையமே போதும், மனுக் கட்டணமும் இல்லை. காலவரம்பு 2 ஆண்டுகள். தவறு தெரியவந்த நாளிலிருந்து கணக்கிடலாம் என்ற கொள்கையை ஸ்ரீகண்டே வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அதே வழக்கில் மனுதாரர் காலதாமதத்தால் தோற்றார். ஆகவே செப்டம்பரை நம்பாமல் எக்ஸ்ரே எடுத்த நாளிலிருந்தே எண்ணுங்கள். வரும் பிப்ரவரிக்குள் மனு உள்ளே இருக்க வேண்டும். மனுவை அம்மா பெயரிலேயே தாக்கல் செய்து, அவருடைய வாக்குமூலத்தை உடம்பு நன்றாக இருக்கும்போதே பிரமாணப் பத்திரமாக எழுதி வைத்துவிடுங்கள். சிகிச்சைத் தேதிகளை வழக்குக்காக ஒருநாளும் தள்ளாதீர்கள்.

நோட்டீஸ் போனதும் மருத்துவமனை சமரசத்துக்கு வரக்கூடும். தொகை நியாயமாக இருந்தால் ஏற்பதில் தவறில்லை, சிகிச்சைக்குப் பணம் வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனையைக் கேளுங்கள் என்பது என் வேண்டுகோள். அந்தக் காலத்தில் அதே மென்பொருள் ‘நார்மல்’ என்று விட்ட மார்பு எக்ஸ்ரேக்களை ஒரு ரேடியாலஜிஸ்ட் மறுபடி பார்த்து, சந்தேகம் உள்ளவர்களைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். சமரசம் ஆகவில்லை என்றால், சேவைக் குறைபாட்டைச் சரிசெய்ய உத்தரவிடும் அதிகாரம் 39-ம் பிரிவில் ஆணையத்துக்கு இருக்கிறது. இதே கோரிக்கையை மனுவின் கடைசிப் பத்தியில், இழப்பீட்டுத் தொகைக்கு அடுத்ததாக எழுதச் சொல்லுங்கள்.